இரவு நடமாட்டமும் மாலை 5.45 மணிச் சாப்பாடும்: ஒரு கிராமப்புற முதியோர் இல்லத்தின் நிகழ்வு ஆய்வு

பதினொரு பேர் வாழும் ஒரு சிறிய முதியோர் இல்லத்தில், இரவில் எழுந்து நடக்கும் ஒருவரை வெளியேற்றுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வி எழுந்தது. அது எப்படித் தொடங்கி எங்கே போய் முடிந்தது என்பதன் பதிவு இது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாரம் ஒருமுறை இந்த இல்லத்துக்குப் போய் இரத்த அழுத்தம், சர்க்கரை, புண்கள், மருந்துப் பெட்டி ஆகியவற்றைப் பார்ப்பது என் வேலை. நான் மருத்துவர் அல்ல, செவிலியர்.

பின்னணி

இல்லத்தில் ஏழு பெண்கள், நான்கு ஆண்கள். ஆண்கள் நால்வருக்கும் ஒரே அறை. கழிப்பறை வராந்தாவின் இடது கோடியில் இருக்கிறது. சமையலறையும் அதை ஒட்டிய பின்வாசலும் வலது கோடியில். வராந்தா விளக்கின் சுவிட்ச் மேலாளர் அறைக்குள் இருந்தது. பகலில் இரண்டு பராமரிப்பாளர்கள், சமையல் செய்பவர் ஒருவர், மேலாளர். இரவு எட்டு மணிக்கு மேல் ஒரே ஒரு பணியாளர்.

நாள் காலை 5 மணிக்குத் தொடங்கிவிடும். இருக்கும் குளியலறை ஒன்றுதான் என்பதால் வரிசை. 7 மணிக்குக் காலை உணவு. அதன் பிறகு எல்லோரும் வராந்தா நாற்காலிகளுக்கு வந்துவிடுவார்கள். சிலர் பேசுவார்கள், சிலர் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள், ஒருவர் மட்டும் செய்தித்தாளின் தலைப்புகளை மற்றவர்களுக்கு உரக்கப் படிப்பார். 11.30க்கு மதிய உணவு. பிறகு மீண்டும் அதே நாற்காலிகள். மாலை 5.45க்கு இரவுச் சாப்பாடு, 7.30க்கு விளக்கணைப்பு.

இந்த அட்டவணையை யாரும் உட்கார்ந்து யோசித்துப் போட்டதில்லை. சமையல் செய்பவர் இருட்டுவதற்குள் நடந்தே வீடு போய்ச் சேர வேண்டும். அதனால் சாப்பாடு 5.45க்கு முடிய வேண்டியிருந்தது. சாப்பாடு முடிந்தால் பகல் பணியாளர்களுக்கும் வேலை முடிந்த மாதிரி. அவர்கள் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் படுக்க வைத்துவிட்டால் இரவுப் பணியாளருக்குச் சுமை இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமானது. எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை யாரும் பார்த்ததில்லை.

செய்தித்தாள் படிப்பவர்தான் இந்த ஆய்வின் மையம். வயது 78. விவசாயம் பார்த்தவர். மனைவி இறந்த பிறகு இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. உயர் இரத்த அழுத்தம் உண்டு. காது கொஞ்சம் மந்தம். தடி இல்லாமல் நடப்பார்.

புகார்

இரவுக் குறிப்பேட்டில் ஏறத்தாழ ஐந்து மாதங்களாக ஒரே மாதிரியான வரிகள்: எழுந்து நடக்கிறார், கேட்டால் பதில் இல்லை, பின்வாசலைத் திறக்கப் பார்க்கிறார். ஒரு நாள் வராந்தாவில் விழுந்தார். எலும்பு முறிவு இல்லை. இடுப்பில் கன்றிப்போய், முழங்கைத் தோல் உரிந்திருந்தது. மறுநாளிலிருந்து ஆண்கள் அறைக்கு வெளியிலிருந்து தாழ் போட்டார்கள். தாழ் போட்ட மூன்றாம் நாள், “அறை மூலையில் சிறுநீர் கழித்தார்” என்று குறிப்பேட்டில் ஏறியது. அதோடு ஊகம் முடிவாகிவிட்டது: மறதி நோய் வந்துவிட்டது.

மகனுக்குத் தகவல் போனது, வேறு இடம் பார்க்கும்படி. மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “ஏதாவது தூங்கற மாத்திரை குடுங்க சிஸ்டர், ராத்திரி அசையாம படுத்துக்கிட்டா வச்சுக்குவாங்க” என்றார். அந்தப் பக்கம் இருந்த தவிப்பு எனக்குப் புரிந்தது. இல்லமும் மனசாட்சி இல்லாத இடம் அல்ல. ஒரே பணியாளர் உள்ள இரவில், விழுந்து எழும் ஒருவரை வைத்துக்கொள்வது அவர்களுக்கு உண்மையிலேயே பயம்.

எல்லோரும் நம்பிய காரணம்

அவர் ஏன் எழுகிறார் என்பதற்கு இல்லத்தில் ஒரு விளக்கம் இருந்தது. காலமெல்லாம் ராத்திரியில் எழுந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். அந்த ஞாபகத்தில் பின்வாசல் வழியாக வயலுக்குப் போகப் பார்க்கிறார். பராமரிப்பாளர்கள் இதைச் சற்று நெகிழ்ச்சியுடனேயே சொன்னார்கள். மகனும் நம்பினார். கேட்பதற்கு அழகாக இருந்ததாலேயே அதை யாரும் சரிபார்க்கவில்லை. மனதைத் தொடும் விளக்கங்களிடம் இந்தத் தொழிலில் எனக்கு எப்போதும் ஓர் எச்சரிக்கை உண்டு. விசாரணையை அவை நிறுத்திவிடும்.

பொருந்தாத விஷயங்கள் இருந்தன. பகலில் அவரிடம் எந்தக் குழப்பமும் இல்லை. முந்தைய நாள் படித்த செய்தியை நினைவில் வைத்துப் பேசினார். வாரத்தின் நாட்களைப் பின்னிருந்து சொல்லச் சொன்னேன். ஞாயிறு, சனி, வெள்ளி என்று தயங்காமல் சொன்னார். திடீர்க் குழப்ப நிலையைக் கண்டறிய 1990-இல் ஷாரன் இனோய் குழு வெளியிட்ட முறை முதலில் பார்க்கச் சொல்வது இரண்டை: குழப்பம் திடீரெனத் தொடங்கி ஏறி இறங்குகிறதா, கவனம் நிலைக்கிறதா. கவனம் இவரிடம் நன்றாகவே இருந்தது. மறதி நோயோ மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல வருவது, பகலில் மட்டும் விடுப்பு எடுப்பதில்லை. ஆக, கேள்வி இரவைப் பற்றியது. அதற்கு இரவில்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இரவில் பார்த்தது

மேலாளரிடம் அனுமதி வாங்கி ஓர் இரவு அங்கே தங்கினேன். வெளித்தாழ் மட்டும் அன்று போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

8.40க்கு முதல் தடவை எழுந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து எழுந்ததுமே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். தோள் சுவரில் இடித்தது. சற்று நின்றுவிட்டுக் கதவுக்கு வந்து, தாழ்ப்பாள் இருக்கும் இடத்தைக் கையால் தடவித் தேடினார். வராந்தாவுக்கு வந்ததும் இடப்பக்கம் பார்த்தார். கழிப்பறைப் பக்கம் முழு இருட்டு. வலப்பக்கம் சமையலறை வாசலில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் இருந்த திசையில் நடந்தார். அந்தத் திசையில்தான் பின்வாசல் இருக்கிறது.

“ஐயா, எங்க போறீங்க?” என்று இரவுப் பணியாளர் பின்னாலிருந்து கேட்டார். பதில் இல்லை. காது மந்தமானவரை முதுகுப் பக்கமிருந்து கேட்ட கேள்வி அது. நான் முன்னால் போய் நின்று, முகம் தெரியும்படி கையிலிருந்த விளக்கைப் பிடித்துக் கேட்டேன்: “ஒண்ணுக்குப் போகணுமா ஐயா?”

“ஆமாம்மா. அவசரம். எந்தப் பக்கம்னு பிடிபடலை.”

அன்றிரவு அவர் ஐந்து தடவை எழுந்தார், ஐந்து தடவையும் அதற்காகவே. ஒவ்வொரு தடவையும் கணிசமாகப் போனது. போன பிறகும் முழுதாகப் போகாத உணர்வு இருப்பதாகச் சொன்னார்.

காலையில் அடுத்த கட்டில்காரர் தானாக வந்து பேசினார். “அவர் வயலுக்கும் போகலை, வாய்க்காலுக்கும் போகலை. எனக்குத் தெரியும். என்னைய யாரும் கேக்கலையே” என்றார். மூலையில் சிறுநீர் கழித்த இரவில் இவர் கதவைத் தட்டியிருக்கிறார். வராந்தாவின் மறுகோடியில் இருந்த பணியாளருக்குக் கேட்கவில்லை. ஐந்து மாதமாக அதே அறையில் படுத்திருந்த மூன்று பேரில் ஒருவரிடமும் யாரும் விவரம் கேட்டதில்லை என்பதை நான் அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டேன்.

அளந்தது

அடுத்த மூன்று நாட்கள் சிறுநீரை அளந்து, நேரத்தோடு எழுத ஏற்பாடு செய்தோம். குடித்த தண்ணீரும் சேர்த்து. இந்த மூன்று நாள் குறிப்பேடு செலவில்லாதது, கருவி என்று ஓர் அளவுக்குவளைதான். முதியவர்களுக்கு ஒரு நாளின் மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவுத் தூக்க நேரத்தில் வந்தால், அதை இரவு நேர மிகைச் சிறுநீர் என்பார்கள். இவருக்கு மூன்று நாளும் பாதிக்கு மேல் இரவில் வந்தது.

பகலில் கணுக்காலைப் பார்த்தபோது காரணத்தின் ஒரு பகுதி தெரிந்தது. மாலை ஐந்து மணிக்குக் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நின்றது. காலையில் அதே இடத்தில் பள்ளம் விழவில்லை. நாள் முழுக்க நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவரின் காலில் நீர் இறங்கித் தங்குகிறது. படுத்ததும் அது இரத்த ஓட்டத்துக்குத் திரும்பி, சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. வயது ஏறும்போது, இரவில் சிறுநீரைச் சுண்டச் செய்யும் ஹார்மோனின் சுரப்பும் மங்குகிறது. 7.30க்கே படுத்தால் இது 8.30க்கே தொடங்கிவிடும்.

இரத்த அழுத்தம் படுத்த நிலையில் 136/80. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 110/68. நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம். சுவரில் தோள் இடித்ததற்கும், அநேகமாக அந்த விழுகைக்கும் காரணம் இது.

மருந்துப் பெட்டி

மாத்திரைகள் மூன்று. மூன்றுக்கும் தனித்தனிக் கதை.

முதலாவது, அம்லோடிபின் 10 மி.கி. இரத்த அழுத்தத்துக்கு. கால் வீக்கம் இந்த மருந்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். ஏழு மாதங்களுக்கு முன் 5 மில்லிகிராமிலிருந்து 10க்கு உயர்த்தப்பட்டிருந்தது.

இரண்டாவது, ஃபுரோசமைடு, சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை. கால் வீக்கத்துக்காக வேறொரு மருத்துவர் எழுதியது. அவரிடம் போனபோது பழைய சீட்டை யாரும் எடுத்துப்போகவில்லை. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயாக எண்ணி இன்னொரு மருந்து சேர்ப்பதை, ரோஷன், குர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1990களில் மருந்துச் சங்கிலி என்று பெயரிட்டு விளக்கினார்கள். இந்த இரு மாத்திரைகளும் அதற்குப் பாடப்புத்தக உதாரணம். அம்லோடிபினால் வரும் வீக்கம் சிறுநீர் மாத்திரைக்குப் பெரும்பாலும் மசியாது.

சீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றுதான் இருந்தது. இல்லத்தில் மாத்திரை கொடுப்பதே இரண்டு வேளை: காலைச் சாப்பாட்டோடு, இரவுச் சாப்பாட்டோடு. ஆகவே இரண்டாவது ஃபுரோசமைடு மாலை 5.45க்கு. அது ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், ஆறு மணி நேரம் வரை நீடிக்கும். விளக்கணைத்த நேரத்தில் உச்சத்தில் இருந்தது.

மூன்றாவது எந்தச் சீட்டிலும் இல்லை. குளோர்பெனிரமின் சேர்ந்த சளி மாத்திரை. “நல்லாத் தூங்குவாங்க, சாதாரண சளி மாத்திரைதானே” என்று முதலுதவிப் பெட்டியிலிருந்து இரவில் கொடுக்கப்பட்டு வந்தது. முதியவர்களுக்கு இந்த வகை மருந்து குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும், சிறுநீர்ப்பை சுருங்குவதை மந்தமாக்கி, முழுதாகக் காலியாக விடாது, மலச்சிக்கலும் தரும். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பீர்ஸ் பட்டியல் 1991-இல் முதலில் வந்தது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-இல் புதுப்பித்த பதிப்பிலும் இந்த மருந்து இருக்கிறது. சீட்டில்லாமல் கிடைப்பதாலேயே தீங்கற்றது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள்.

எடுத்த முடிவுகள்

குறிப்பேட்டையும் மூன்று மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, மகனும் நானும் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இதயச் செயலிழப்புக்கான அறிகுறி இல்லை என்பதை மருத்துவர் முதலில் உறுதிசெய்தார். சிறுநீரில் கிருமித் தொற்று இல்லை, சர்க்கரை இல்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி மிதமாகப் பெருத்திருந்தது. சளி மாத்திரை அன்றே நிறுத்தப்பட்டது. அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்கு இறக்கப்பட்டது. ஃபுரோசமைடின் இரண்டாம் வேளை மதியம் 2 மணிக்கு மாறியது. தினமும் எடை பார்த்துக்கொண்டு, பிறகு படிப்படியாக நிறுத்துவது என்று திட்டம். எழுந்து நிற்கும்போது அழுத்தம் குறையும் தொல்லையைக் கூட்டலாம் என்பதால் புராஸ்டேட்டுக்கான மாத்திரையைத் தள்ளிவைத்தார். இந்த வரிசையைப் படிப்பவர்கள் தாமாகச் செய்துபார்க்க வேண்டாம். இதயம் பலவீனமானவருக்கு ஃபுரோசமைடை நிறுத்துவது ஆபத்தாக முடியும்.

செய்யக்கூடாது என்று முடிவெடுத்தவையும் உண்டு. தூக்க மாத்திரை இல்லை. எழுந்தால் விழும் வாய்ப்பைத்தான் அது கூட்டும். கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி இல்லை. ஏறிக் குதிப்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கிவிடலாம் என்று மேலாளர் சொன்னார். சிறுநீரை அடக்கவும், போக வேண்டும் என்று சொல்லவும் தெரிந்தவருக்கு டயப்பர் போட்டால், அந்தத் திறன் குறைந்துபோகலாம் என்று விளக்கினேன். மாலையில் தண்ணீரே கொடுக்காமல் விடலாம் என்ற யோசனையும் வந்தது. வயதானவர்களுக்குத் தாக உணர்வு ஏற்கெனவே குறைவு. நாள் மொத்தத்தையும் குறைக்காமல், பெரும்பகுதியை மாலை 5 மணிக்குள் குடிக்க வைப்பது என்று சமரசம் ஆனது.

அறையில் செய்தவை எளிமையானவை. வெளித்தாழ் கழற்றப்பட்டது. ஆள் நடந்தால் தானாக எரியும் மங்கிய மஞ்சள் விளக்குகள் கட்டிலடியிலிருந்து கழிப்பறை வரை முழங்கால் உயரத்தில் ஒட்டப்பட்டன. சமையலறை வாசல் விளக்கு இரவில் அணைக்கப்பட்டது. கழிப்பறைக் கதவுக்கு மட்டும் அடர் நீலம் அடித்தார்கள். எழுவதற்கு முன் இரண்டு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லிக் கொடுத்தோம். கட்டிலருகே யூரின் பாட்டில் வைத்தோம். மூன்று பேர் படுத்திருக்கும் அறையில் அதைப் பயன்படுத்த மாட்டேன் என்று முதல் நாளே மறுத்துவிட்டார். வற்புறுத்தவில்லை.

மதியம் 2 முதல் 4 வரை படுத்து, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது என்பதுதான் உண்மையில் பெரிய மாற்றம். காலில் தேங்கிய நீர் இரவுக்குக் காத்திருக்காமல் பகலிலேயே வெளியேறட்டும் என்பது கணக்கு. 4 மணிக்கு மேல் வளாகத்தைச் சுற்றி நடை. அவர் தனியாகப் படுக்கக் கூச்சப்பட்டதால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

சாப்பாட்டு நேரம்

இவையெல்லாம் ஒருவரோடு முடிந்துவிடும். சாப்பாட்டு நேரம் பதினொரு பேரையும் தொடும் என்பதால் அங்கேதான் வாக்குவாதம். “ஒருத்தருக்காக வீட்டையே மாத்தணுமா?” என்று மேலாளர் கேட்டது சரியான கேள்வி.

பதில் அவருடைய இரவுக் குறிப்பேட்டிலேயே இருந்தது. பெண்கள் அறைகளிலும் நான்கு பேர் அதிகாலை மூன்று மணிக்கு விழித்துப் படுத்திருப்பதாக வாரத்தில் பல நாள் எழுதப்பட்டிருந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் போதும். பகலில் நாற்காலியில் தூங்கியதைக் கழித்துவிட்டால் இரவுக்கு இன்னும் குறைவு. 7.30க்குப் படுக்க வைத்தால் மூன்று மணிக்கு விழிப்பது நோய் அல்ல, கூட்டல் கணக்கு. இன்னொன்றும் இருந்தது: இரவுச் சாப்பாட்டுக்கும் காலை உணவுக்கும் நடுவே பதின்மூன்று மணி நேரம். சர்க்கரை நோயாளிகள் மூன்று பேர் உள்ள இடத்தில் இந்த இடைவெளி எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருந்தது.

சமையல் செய்பவரை 7.30 வரை இருக்கச் சொல்லலாம் என்று ஒருவர் சொன்னார். இருட்டில் தனியாக நடந்து போவது அவர்தான், சொன்னவர் அல்ல. அந்த யோசனை அத்தோடு நின்றது. கடைசியில் அவரே வழி சொன்னார்: தான் வழக்கம்போல் 5.30க்குச் சமைத்து, சூடு தாங்கும் மூடிப் பாத்திரங்களில் வைத்துவிட்டுப் போவதாகவும், பரிமாறுவது மட்டும் வேறு யாராவது செய்துகொள்ளலாம் என்றும். உணவின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் இதில் தவறில்லை. இரவுப் பணியாளர் எட்டுக்குப் பதில் 6.30க்கு வந்து, காலையில் அதே ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது என்று ஒப்புக்கொண்டார். காலை 5 மணி விளக்கு 6.15க்குத் தள்ளிப்போனது. சாப்பாடு 7.15க்கு. விளக்கணைப்பு 9.30.

பெண்களில் இரண்டு பேருக்கு இது பிடிக்கவே இல்லை. எட்டு மணிக்கு மேல் உட்கார முடியாது என்றார்கள். அவர்கள் முன்னதாகச் சாப்பிட்டுப் படுக்கலாம் என்று விடப்பட்டது. எல்லோருக்கும் ஒரே நேரம் என்பதுதான் பழைய அட்டவணையின் கோளாறு. புதியதிலும் அதையே செய்ய வேண்டாம் என்று நினைத்தோம்.

தொடர்ந்து நடந்தவை

இரண்டாம் வாரத்தில் அவர் எழுவது இரவுக்கு மூன்று தடவையாகக் குறைந்தது. ஃபுரோசமைடு முழுதாக நின்ற பிறகு ஒன்று, சில நாள் இரண்டு. கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறார். நின்றபோது எடுத்த அழுத்தம் 126/74. பின்வாசல் பக்கம் போனதாக அதன் பிறகு குறிப்பு இல்லை. மாலையில் கால் வீக்கம் லேசாக இருக்கிறது, பள்ளம் நிற்பதில்லை.

நேராகப் போய்விடவில்லை. நேரம் மாறிய முதல் வாரத்திலேயே பெண்களில் ஒருவருக்கு வியர்த்து, கை நடுங்கியது. சாப்பாட்டுக்கு முன் போடும் கிளிபென்கிளமைடு மாத்திரையைப் பழக்கத்தில் 5.30க்கே கொடுத்துவிட்டார்கள், சாப்பாடு 7.15க்கு. சர்க்கரை 62 இருந்தது. சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்ததில் 94. மாற்றத்துக்கு முன்னரே நேரப் பட்டியலில் அந்த மாத்திரையை மாற்றி எழுதியிருந்தோம். பட்டியல் மேலாளர் அறைச் சுவரில் இருந்தது, மாத்திரை டப்பா சமையலறை அலமாரியில் இருந்தது. வயதானவர்களுக்குத் தாழ் சர்க்கரை ஆபத்து கூடிய மருந்து அது என்பதால், மருத்துவர் பிறகு வேறொன்றுக்கு மாற்றினார்.

இரண்டாவது பெரியது. வழக்கமான இரவுப் பணியாளர் விடுப்பில் போக, மாற்றுக்கு வந்தவர் நம்மவருக்கு இருமல் என்று சளி மாத்திரை இரண்டு கொடுத்தார். ஏற்கெனவே நான்கு நாளாக மலச்சிக்கல். விடிவதற்குள் சிறுநீர் அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாக இருந்தது. மருத்துவமனையில் குழாய் போட்டு எடுக்க வேண்டிவந்தது. மறுநாள் குழாய் எடுத்த பிறகு தானாகவே போனது. மாற்றுப் பணியாளரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? முதலுதவிப் பெட்டி திறந்தே இருந்தது, அந்த மாத்திரை அதில் இருந்தது, கொடுக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நிறுத்தச் சொன்ன அன்றே அதை இல்லத்தைவிட்டு அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். இப்போது பெட்டியில் அது இல்லை. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது.

யூரின் பாட்டிலை அவர் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு தானாகவே கேட்டு வாங்கினார். அடுத்த கட்டில்காரருக்கும் ஒன்று வேண்டுமென்றார்.

இல்லத்தை மாற்றும் பேச்சு நின்றுவிட்டது. மறதி நோய் என்ற குறிப்பை இல்லக் கோப்பிலிருந்து நீக்கும்படி எழுத்தில் கேட்டோம், நீக்கினார்கள். அந்த ஒரு வார்த்தை கோப்பில் இருந்திருந்தால், அடுத்து எந்த இல்லத்துக்குப் போனாலும், எந்த மருத்துவரிடம் போனாலும், அவருடைய ஒவ்வொரு புகாரும் அதன் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும்.

மாறியவையும் மிச்சமிருப்பவையும்

மாத்திரை டப்பாக்களில் இப்போது காலை, இரவு என்று எழுதுவதில்லை. 8 மணி, 2 மணி, 7 மணி என்று கடிகார நேரம் எழுதப்படுகிறது. பட்டியலின் நகல் டப்பா இருக்கும் அலமாரிக் கதவிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. யார் எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரே பையில் கூடவே போகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதினொரு பேரின் மருந்துகளையும் மருத்துவர் மறுபரிசீலனை செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் சுற்றில் நான்கு பேரின் பட்டியல் சுருங்கியது.

இரவில் யாராவது எழுந்து நடந்தால், குறிப்பேட்டில் “நடமாட்டம்” என்று மட்டும் எழுதக் கூடாது என்று பணியாளர்களோடு பேசி முடிவுசெய்தோம். முன்னால் போய் நின்று, வலியா, பசியா, கழிப்பறையா, பயமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கிடைத்த பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். காலையில் அறைத்தோழரிடமும் கேட்க வேண்டும். முதல் மாதத்தில் எழுதியவற்றில் பாதிக்கு மேல் கழிப்பறை, பசி மூன்று, குளிர் ஒன்று.

தீராதது இரவுப் பணியாளர் ஒருவரே என்பது. அவர் பெண்கள் பகுதியில் இருக்கும்போது ஆண்கள் அறையில் என்ன நடந்தாலும் கேட்காது. அழைப்பு மணி ஒன்று வைத்திருக்கிறோம், காது மந்தமானவர் அதை அழுத்திவிட்டு மணி அடித்ததா என்று தெரியாமல் மறுபடி மறுபடி அழுத்துகிறார். ஆண்கள் அறையை ஒட்டி இன்னொரு கழிப்பறை கட்ட மேலாளர் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறார். பெண்கள் அறைகள் இரண்டிலும் வெளித்தாழ் இன்னும் கழற்றப்படவில்லை. போடுவதில்லை என்கிறார்கள், என் அடுத்த வருகைப் பட்டியலில் அது முதல் வரியாக இருக்கிறது.